ஐந்தாம் தொட்டியில் ஒரு வட்டம்

"குடிக்கிறவன் எப்படியும் குடிக்கத்தான் போறான். வரியைக் கூட்டினா நமக்கென்ன அக்கா?"

பாட்டில்காரர் இப்படிக் கேட்டபோது அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது.

"நமக்கென்னவா? குடிக்கத்தான் போறான். எதைக் குடிக்கப் போறான்? பெரிய ஆலைக்காரன் பத்து நாள்ல பொங்க வச்சு லாரி லாரியா இறக்குறானே, அதைக் குடிப்பான். அவன் ஏறின வரியைக் கோடிப் பாட்டில் மேல பரத்திடுவான். நான் எங்க பரத்துறது, உங்க தலையிலயா?"

"என் தலையில எடம் நிறைய இருக்கு அக்கா. முடிதான் இல்ல."

சிரித்துவிட்டாள். அந்த மனிதரிடம் முழுசாகக் கோபப்பட்டவர்கள் யாருமில்லை.

அக்கா என்றால் அந்தப் பீர் ஆலைக்கே அக்கா. பாட்டில் நிரப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பாட்டில்காரர் அவளைவிட ஆறு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். கல்யாணமான புதிதில் ஆலைக்கு வந்த அவள் வீட்டுக்காரரே நாக்குத் தவறி ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். உண்மையில் அவள் அக்காவாக இருந்தது ஒரே ஒருவனுக்கு. அவன் தொட்டி அறையில் இருந்தான்.

அப்பா விட்டுப்போனது ஆறு தொட்டி, ஒரு கொப்பரை, ஒரு வேன், எட்டு ஆட்கள். படிப்பும் வாயும் உள்ள மகளுக்கு அலுவலகம், வாயில்லாப் பூச்சியான மகனுக்குத் தொட்டிகள் என்று தானாகவே பிரிந்துகொண்டது. அலுவலகத்துக்கும் தொட்டி அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக முப்பது வருஷமாக அவள் தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஈரத் தரை, ரப்பர் குழாய், வெந்த பார்லியின் வாசனை, அதற்கு நடுவே ஒரு தொட்டியின் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கிற அந்த முதுகு.

"என்னடா கேக்குற அதுகிட்ட?"

"பேசி முடிச்சுடுச்சான்னு பாக்குறேன்."

"முடிச்சுதா?"

"பொறு."

யார் எதைக் கேட்டாலும் அவனிடமிருந்து வரும் பதில் அதுதான். அதனால் முதுகுக்குப் பின்னால் ஆலை ஆட்கள் அவனுக்கு வைத்த பெயரே "பொறுங்க". "பொறுங்க வந்தாச்சா?", "பொறுங்க இன்னைக்குச் சாப்பிட்டாரா?" என்றுதான் பேச்சு.

ஆலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பீர் பொங்கி, அடங்கி, தெளிந்து, ஆறு வாரம் குளிரில் கிடக்க வேண்டும். கிடந்து முடிந்ததா என்று தம்பி ருசி பார்ப்பான். முடிந்திருந்தால் தொட்டியின் கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். கையை ஒரே சுழற்று, வட்டம் வந்துவிடும். அந்த வட்டம் இருந்தால் பாட்டில்காரர் குழாயை மாட்டுவார். இல்லாவிட்டால் அரசாங்கமே வந்து நின்றாலும் மாட்டமாட்டார். தேதிப் பலகை என்று ஒன்று தொங்கும், அதில் உத்தேசத் தேதிகள் எழுதியிருக்கும். ஆனால் பலகையை யாரும் நம்புவதில்லை. வட்டம்தான் பேசும்.

வரிச் செய்தி வந்தது அந்தக் கோடையில். ஒன்றாம் தேதி முதல் ஆலை வாசலைத் தாண்டுகிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் வரி இரண்டு மடங்கு. விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, வாசலைத் தாண்டினால் கட்ட வேண்டும்.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரிய ஆலைகள் வக்கீல் வைத்தன, அவளுக்கு ஏது வக்கீல்? அவள் கண்ணில் பட்டது பீர்க் கிளாஸுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டை. ஒரு பக்கம் ஆலையின் பெயர். இன்னொரு பக்கம் சும்மாதானே கிடக்கிறது? அதில் நான்கு வரி அச்சடித்தாள்: 'சின்ன ஆலைகளுக்கு இந்த வரி தாங்காது. உயர்த்தாதீர்கள்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. குடிக்கிறவர்கள் கிளாஸை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் போட வேண்டியதுதான்.

முதல் கையெழுத்து வீட்டுக்காரருடையது. ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷர்.

"நீங்க எதுக்குப் போடுறீங்க?"

"குடிக்கிறதில்லைன்னா என்ன? அதுல தானே சாப்பிடுறேன்."

அட்டைகளை அதிகம் சேர்த்துக் கொடுத்தது முனைக்கடைக்காரம்மா. தெரு முனையில் பீர்க்கடை நடத்தும் அந்த அம்மாவுக்கு ஒரு கையில் ஆறு கிளாஸ் பிடிக்கத் தெரியும். ததும்பத் ததும்ப ஊற்றி, விரல்களுக்கு நடுவில் கிளாஸ் காதுகளைக் கோத்து, ஒரு சொட்டு சிந்தாமல் மேஜைக்குக் கொண்டுபோவாள். கையெழுத்துப் போடாதவனுக்கு இரண்டாவது கிளாஸ் கிடையாது என்று அவள் சட்டம் போட்டுவிட்டாள்.

"ஒருத்தன் மூணு அட்டையில போட்டுட்டான் அக்கா. மூணாவதுல அவன் பேரையே தப்பா எழுதியிருக்கான்."

"அதை எடுத்துடுங்க. நம்ம மனு தள்ளாடக் கூடாது."

பதினொரு மூட்டை சேர்ந்தது. தலைநகரத்தில் வரிக்குழு எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுக் கேட்கப் போகிறது என்று கடிதம் வந்தது. தம்பியைத்தான் அனுப்ப வேண்டும் என்று அக்கா முடிவு செய்தாள்.

"நானா? நான் என்னத்தப் பேசுறது? நீ போக்கா."

"நான் பேசினா சண்டை போடுற மாதிரி இருக்கும். நீ பேசினா உண்மையைப் பேசுற மாதிரி இருக்கும்."

"ரெண்டு பேரும் பேசுறது உண்மைதானே?"

"கேக்குறவனுக்கு அப்படி இருக்காதுடா. போ. நாம எப்படிப் பண்றோம்னு மட்டும் சொல்லிட்டு வா."

சனிக்கிழமை சாயங்காலம், ஆட்கள் எல்லாரும் போன பிறகு அவன் கிளம்பினான். வேனில் மூட்டைகளை ஏற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளே போய் ஐந்தாம் தொட்டியின் பக்கத்தில் நின்றான். ஆறு தொட்டிகளில் அதுதான் பெரியது. நாலாயிரம் பாட்டில் பிடிக்கும்.

"ஐந்தை மட்டும் பாத்துக்கோ. நாலாந்தேதி வாக்குல ஆயிடும். அதுக்கு முன்னாடி யாரும் கை வைக்கக் கூடாது."

"நான் என்ன பச்சக் குழந்தையா? போடா, ரயிலைப் பிடி."

திங்கட்கிழமை அவன் பேசினான். சாயங்காலம் போன் வந்தது.

"எப்படிடா போச்சு?"

"எங்க போச்சு? ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. நடுவுல குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைக் கழட்டி மேஜையில வச்சாரு."

"முடிச்சுக்கன்னு அர்த்தம்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். சட்டுனு முடிச்சுட்டேன்."

"முடிவு எப்ப?"

"அடுத்த வாரம்னு சொல்றாங்க. எல்லாரையும் இருக்கச் சொல்லியிருக்காங்க. ஏதாவது கேள்வி இருந்தா கூப்பிடுவாங்களாம். ஐந்து எப்படி இருக்கு?"

"உன்னைவிட நல்லா இருக்கு. தூங்கு."

போனை வைத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. எதையும் அரை அளவாகச் சொல்கிறவன் தம்பி, நன்றாக இருந்தால் 'பரவாயில்லை' என்பான், சுமாராக இருந்தால் 'ஒண்ணுமில்லை' என்பான். இது அவளுக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வருஷம் கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. கொட்டாவியும் கடிகாரமும்தான் கண் முன்னால் நின்றன. மனு தோற்றது என்றே எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் தொட்டி நாலாம் தேதி ஆகும், வரி ஒன்றாம் தேதி ஏறும். நடுவில் மூன்றே நாள். அந்த மூன்று நாளுக்காக ஆலையின் பெரிய தொட்டி இரட்டை வரி கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால், எட்டு ஆட்களில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். 'ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன்' என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலையைத் திறந்தாள். ஆட்கள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். ஐந்தாம் தொட்டியின் சின்னக் குழாயைத் திருகி அரை கிளாஸ் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்புத்தான் ஆகாது, அது தீரும்வரை உள்ளே பொங்குவது நிற்காது, மூடின பாட்டிலுக்குள் பொங்கினால் கண்ணாடி தாங்காது என்று பீர் ஆலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இல்லை.

'குளிர்ல வச்சா என்ன ஆகப் போகுது? ஒரு வாரத்துல குடிச்சுத் தீத்துடுவாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாக்பீஸ் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எடுத்து வட்டம் போட்டாள். ஒரே சுழற்றில் வரவில்லை. இரண்டு தடவையில் வந்தது. கொஞ்சம் கோணல்.

ஏழேகாலுக்குப் பாட்டில்காரர் ஜன்னலைத் தட்டினார்.

"அக்கா, ஐந்துல வட்டம் இருக்கு."

"இருந்தா குழாயை மாட்டுங்க."

"பலகையில நாலாந்தேதின்னு போட்டிருக்கே. இன்னும் பதினைந்து நாள் இருக்கு."

"பலகையை எப்ப நம்பினீங்க நீங்க? சனிக்கிழமை போறதுக்கு முன்னாடி உள்ள போய் நின்னு பாத்துட்டுத்தானே போனான்."

நின்று பார்த்தது உண்மை. உண்மையில் பாதியை எடுத்துப் பொய்க்கு மேல் போர்த்தினாள்.

"நேத்து நான் பாக்கலையே."

"நேத்து கொப்பரை கழுவுற நாள். தொட்டி அறைக்குள்ள நீங்க எங்க வந்தீங்க? அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போகுது?"

"ஐயோ, அதைச் சொல்லலை அக்கா. பொறுங்க வட்டம் போட்டா அது தெய்வ வாக்கு" என்று அவர் போய்க் குழாயை மாட்டினார்.

இரண்டு நாளில் நாலாயிரம் பாட்டிலும் நிரம்பின, வேன் ஏறின. ஒவ்வொரு கடைக்கும் அக்காவே போன் செய்தாள். குளிரில் வையுங்கள், சீக்கிரம் விற்றுவிடுங்கள் என்றாள். முனைக்கடைக்காரம்மா சிரித்தாள்.

"விக்கிறதா? நல்ல கதையா இருக்கே! 'ஒன்னாந்தேதிக்கு அப்புறம் உங்கள் கிளாஸ் இரண்டு மடங்கு விலை'ன்னு போஸ்டர் அடிச்சு என் கடையில ஒட்டினதே நீங்கதான். முப்பது பெட்டி எடுத்து வைக்கிறேன். அடுத்த மாசம் இந்தத் தெருவுலயே பழைய விலைக்குக் குடுக்குறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

"எங்க வைப்பீங்க? முப்பது பெட்டிக்கு உங்க ஃபிரிஜ்ல எடம் ஏது?"

"சமையல்கட்டுக்குப் பின்னாடி அறை இருக்கே."

அடுப்புச் சுவரை ஒட்டின அறை. அக்காவுக்கு அந்த அறை நன்றாகத் தெரியும். 'அங்க வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

"பாத்து வைங்கம்மா" என்றாள்.

எல்லாக் கடையிலும் அப்படித்தான் நடந்தது. வரி ஏறும் ஏறும் என்று ஊரெல்லாம் சொன்னது அவள் வாய். சொன்னதை ஊர் நம்பிவிட்டது. ஒருத்தரும் குடிக்கவில்லை. எல்லாரும் எடுத்து வைத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. சின்ன ஆலைகளுக்கு வரி உயர்வு கிடையாது.

ஆலையில் கொப்பரை மூடியைத் தட்டித் தாளம் போட்டார்கள். மறுநாள் பேப்பரில் தம்பியின் பேச்சு வந்திருந்தது. பாட்டில்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் படித்துக் காட்டினார்.

"'ஐயா, நாங்க பண்றது பீர் இல்ல, காத்திருக்கிறது. ஆறு வாரம் தொட்டி பக்கத்துல நிக்கிறோம். எங்க ஆலையிலிருந்து அவசரத்துக்குன்னு ஒரு பாட்டில்கூட இதுவரைக்கும் வெளிய போனதில்ல. இந்த வரி வந்தா எங்களை அவசரப்பட வைக்கும். அது மட்டும் வேண்டாம்.' எப்படிப் பேசியிருக்கார் பாத்தீங்களா அக்கா? வாயில்லாப் பூச்சின்னு நினைச்சோமே!"

அக்கா சிரிக்கப் பார்த்தாள். உதடுதான் அசைந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தம்பி வந்து இறங்கினான். ஆட்கள் அவனைத் தூக்கப் போனார்கள். "பொறுங்க, பொறுங்க" என்று அவன் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்கா, அந்தக் கடிகாரம் இருக்கே" என்று அலுவலகத்துக்குள் வந்தவன் குழந்தை மாதிரிச் சொன்னான், "என்னை நிறுத்துறதுக்குக் கழட்டலையாம். வெளிய வரும்போது தலைவரே சொன்னாரு. 'மணி பாக்காம கேக்கணும்னு கழட்டி வச்சேன், நீங்க பொசுக்குனு உக்காந்துட்டீங்க'ன்னு."

"அப்படியா" என்றாள் அக்கா.

"இரு, ஐந்தைப் பாத்துட்டு வந்துடுறேன்."

கண்ணாடி ஜன்னல் வழியாக அந்த முதுகைப் பார்த்தாள். ஐந்தாம் தொட்டியின் கதவில் வட்டம் அப்படியே இருந்தது. காலியான தொட்டியின் வட்டத்தை அவன்தான் ஈரத்துணியால் துடைப்பான், வேறு யாரும் தொடமாட்டார்கள். முதுகு அங்கேயே நின்றது. பிறகு கையைத் தூக்கி அந்தக் கோணல் வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றினான். தொட்டியைத் தட்டினான். வெறும் தகரச் சத்தம் வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியவன் கதவைச் சாத்தினான்.

"என்னைக்குப் போட்ட?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை."

"இனிப்பு இருந்துச்சா?"

அவள் கணக்கு நோட்டை மூடி வைத்தாள்.

"இருந்துச்சாக்கா?"

"கொஞ்சம்."

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு. குளிர்ல வைக்கச் சொன்னேன். இந்நேரம் குடிச்சிருப்பாங்க."

"வரி ஏறப் போகுதுன்னா எவன் குடிப்பான்? வச்சுக்குவான்." அவன் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "வேனை எடுக்குறேன். எல்லாத்தையும் இன்னைக்கே திருப்பி எடுத்துடணும். உள்ள பொங்கிட்டிருக்கும். வெயில் வேற."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே."

அவள் மேஜைமேல் பேப்பர் கிடந்தது. 'அவசரத்துக்குன்னு ஒரு பாட்டில்கூட' என்ற வரிக்கு அடியில் பாட்டில்காரர் பேனாவால் கோடு போட்டிருந்தார். சனிக்கிழமை முனைக்கடையில் ஊரே கூடிக் கொண்டாடப் போகிறது. இன்றைக்குப் போய்க் கடை கடையாக 'திருப்பிக் கொடுங்கள்' என்றால் என்ன ஆகும்? பதினொரு மூட்டைக் கையெழுத்தும் சிரிக்கும்.

"சனிக்கிழமை முடியட்டும்டா. உன் பேச்சு இன்னைக்குத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம நானே போய் எடுத்துட்டு வந்துடுறேன். ரெண்டு நாள்தானே?"

"அக்கா..."

"பொறுடா."

வாழ்நாளில் அவள் அவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். அக்கா சொல்லி அவன் தட்டியதில்லை. துணியை எடுத்துக்கொண்டு போய் வட்டத்தைத் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முனைக்கடைச் சமையல்காரர் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, பின் அறையில பாட்டில் வெடிச்சுடுச்சு. ஒண்ணு வெடிச்சதும் சரம் சரமா... அம்மா சத்தம் கேட்டு உள்ள போனாங்க. கையில... நீங்க உடனே வாங்க."

அக்கா போனபோது அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பின் அறை முழுக்க நுரையும் கண்ணாடியும். பெட்டிகளுக்கு நடுவில் இன்னும் சில பாட்டில்கள் மெல்லச் சீறிக்கொண்டிருந்தன. தம்பி தடித்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்த்தான். அடுத்த பாட்டிலுக்குக் குனிந்தான். அன்றைக்கு இருட்டுவதற்குள் அவனும் பாட்டில்காரரும் வேனில் போய் எல்லாக் கடையிலும் மிச்சத்தை எடுத்துவிட்டார்கள். வேறு யாருக்கும் காயமில்லை. சனிக்கிழமைக் கொண்டாட்டம் நடக்கவில்லை.

முனைக்கடைக்காரம்மாவின் வலது உள்ளங்கையில் கண்ணாடி ஆழமாக இறங்கிவிட்டது. தைத்தார்கள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் இனிச் சரியாக மடங்காது என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை சோதனை அதிகாரி வந்தார். தேதிப் பலகையைப் பார்த்தார், பாட்டில்காரரைக் கேட்டார், வட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார். அலுவலகத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"வட்டத்தைப் போட்டது யாரு?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றான் தம்பி. "ஊருக்குப் போற அவசரம். ஆயிடுச்சுன்னு நினைச்சேன். என் நாக்கு தப்பாச் சொல்லிடுச்சு."

"முப்பது வருஷ அனுபவம்னு குழுவுல சொன்னீங்க போலிருக்கே?"

"சொன்னேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசிய வாய் அது. அந்த ஒரு நிமிஷத்தில் பேசியிருக்கலாம்.

அவர் போனதும், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

"நீ போட்டேன்னா, தெரிஞ்சே அனுப்பினது. அது குத்தம். நான் போட்டேன்னா, தெரியாம நடந்தது. அது தப்பு. தப்புக்கு அபராதம், குத்தத்துக்குப் பூட்டு. எட்டுப் பேர் இருக்காங்க."

எட்டுப் பேர். அவள் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது.

அபராதத்தோடு முடிந்தது. பேப்பரில் மறுபடியும் தம்பியின் பெயர் வந்தது. இந்தத் தடவை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. 'அவசரப்படாத ஆலை' என்று ஒருவன் கிண்டலாக எழுதியிருந்தான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று தெருவில் கேட்டார்கள். பொறுங்க என்ற பெயரை ஆலையில் சொல்வது தானாக நின்றுபோனது. வெறும் 'அவர்' ஆகிவிட்டான்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனாள். இரண்டாவது தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனாள்.

"வாங்க அக்கா" என்று அந்த அம்மா இடது கையால் நாற்காலியைக் காட்டினாள். "நேத்து உங்க தம்பி வந்தாரு. முக்கா மணி நேரம் உக்காந்திருந்தாரு. 'என் தப்புதாம்மா'ன்னாரு, அவ்வளவுதான். எனக்கு அவரு மேல கோபம் அக்கா, மறைக்க மாட்டேன். அவரு வட்டத்தைப் பாத்துத்தானே கண்ணை மூடிக்கிட்டு எடுத்தேன். ஆனா உங்க மேல எனக்கு என்ன வருத்தம்? நீங்க பாவம், அன்னைக்கே கேட்டீங்களே, 'எங்க வைப்பீங்க, எடம் ஏது'ன்னு."

அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த வட்டம்..."

"விடுங்க அக்கா. நீங்க இல்லேன்னா அந்த வரியே ஏறியிருக்கும்."

சொன்னால் பூட்டு. எட்டுப் பேர். சொல்லாமல் எழுந்து வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் முனைக்கடைக்குப் போய்க் கிளாஸ் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு கையில் இரண்டுதான் பிடிக்க வந்தது. "என்னக்கா, மிச்சம் நாலு எங்க?" என்று குடிக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். கிளாஸுக்கு அடியில் இன்னும் பழைய அட்டைகள்தான், மீந்துபோனவை. கையெழுத்துக் கோடு காலியாக இருக்கும். ஈரத்தில் கிளாஸின் வட்டம் மட்டும் அதில் பதிந்திருக்கும்.

கோடை முடியும்போது இரண்டாம் தொட்டி ஆறு வாரத்தைத் தாண்டியது. ஏழாவது வாரமும் தாண்டியது. தம்பி தினமும் காது கொடுத்துக் கேட்டான், ருசி பார்த்தான், வட்டம் போடவில்லை. எட்டாவது வாரத்தில் ஒருநாள் காலை போட்டான். அதே ஒரே சுழற்று.

ஆனால் குழாய் மாட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பாட்டில்காரர் வட்டத்துக்கு முன்னால் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயைத் தரையில் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"என்னத்தப் பாக்கணும்? வட்டம் இருக்குல்ல?"

"இருக்கு." அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒரு வாய் பாத்துட்டு, நீங்களும் ஒண்ணு போட்டுட்டீங்கன்னா எங்களுக்குத் தைரியமா இருக்கும். பசங்களும் அதைத்தான் சொல்றாங்க."

அக்கா அவரோடு தொட்டி அறைக்குள் போனாள். தம்பி தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அக்கா தேடினாள். இல்லை. சாக்பீஸை அவள் பக்கம் நீட்டினான்.

"போடுக்கா. நல்லா ஆயிடுச்சு. ஆனா நீ போடு."

வாங்கிக்கொண்டாள். மூன்று பேர், நான்கு பேர் என்று ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். இவர்களிடமாவது சொல்லலாம், இவர்கள் நம் ஆட்கள், வாசலைத் தாண்டி ஒரு சொல் போகாது என்று தோன்றியது.

"பெரியவரே" என்றாள். பாட்டில்காரரை அப்படி அவள் கூப்பிட்டதே இல்லை. "அன்னைக்கு ஐந்தாம் தொட்டியில வட்டம் போட்டது இவன் இல்ல. நான்தான். காலையில ஆறு மணிக்கு வந்து போட்டேன். இனிப்பு இருந்தது எனக்குத் தெரியும். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பாட்டில்காரர் அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அக்கா... அக்கான்னா அக்காதான். தம்பிக்காகப் பழியைக்கூடத் தலையில தூக்கி வச்சுக்குவீங்க. எங்களுக்குத் தெரியாதா உங்களை?" என்று ஆட்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாடா?"

"இல்ல, நிஜமா..."

"சரி அக்கா, சரி. நீங்க சொன்னா சரி. யாரும் இனிமே அவரை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க வட்டத்தைப் போடுங்க. உங்களை நம்பித்தானே நாங்க இருக்கோம்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அங்கே இல்லை. பக்கத்துத் தொட்டியைக் கழுவப் போய்விட்டான். குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற சத்தமும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி முப்பது வருஷமாகப் பார்த்த அந்த முதுகும்தான் இருந்தன.

அவன் போட்ட வட்டம் கதவில் முழுசாக, அழகாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் கையைத் தூக்கினாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.